டெர்மினல் என்கிற கமாண்ட் திரையைத் திட்டவும் அதனிடம் திட்டு வாங்கவும் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

கருப்புத்திரை:
நிரல் எழுதும்போது வரும் எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளவே சிலர் உட்கார்ந்து கருவிகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஒரே இழையில் சேர்த்துவைக்கலாம் என்று இதைத் தொடங்குகிறேன். வெறும் சிரிப்புக்காக இல்லை. ராத்திரி பில்டு உடைந்து கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்ந்துவிடாமல் நம்மைத் தடுக்கிற எதுவும் எனக்கு முக்கியம்தான்.

என் பங்குக்கு முதலில் சூடோ, லினக்ஸில் ஒரு கமாண்டை நிர்வாகி உரிமையோடு ஓட்டித்தருவது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் 'மன்னிக்கவும், மறுபடி முயலவும்' என்று சொல்வதற்குப் பதில் அது நம்மைக் கிண்டல் செய்யும்படி வைக்கலாம். அதன் அமைப்புக் கோப்பைத் திருத்தும் விசூடோவைத் திறந்து டிஃபால்ட்ஸ் வரியில் இன்சல்ட்ஸ் என்று சேர்த்தால் போதும். உள்ளே பல வசவுத் தொகுப்புகள் உண்டு. பழைய கிளாசிக் தொகுப்பு ஒன்று, 1950களில் பிபிசி வானொலியில் வந்த கூன் ஷோ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை வைத்து ஒன்று, ஹால் என்கிற கற்பனைக் கணினி பேசுகிற மாதிரி ஒன்று. எல்லா லினக்ஸிலும் கிடைக்காது, ஏனென்றால் கம்பைல் செய்யும்போதே (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும்போதே) சேர்த்திருக்க வேண்டும். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, இருந்துகொண்டு சூடோவுக்கு மைனஸ் பெரிய வி கொடுத்தால் எந்தெந்த ஆப்ஷனோடு கட்டியிருக்கிறார்கள் என்று காட்டிவிடும்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அது நம் கோடைத் தொடுவதில்லை, இன்னொருவர் மெஷினுக்கும் போவதில்லை. நாம் தப்பு செய்த அந்த நொடியில் சிரிக்கவைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. உங்களிடம் என்ன இருக்கிறது? ஒரே வேண்டுகோள், பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் உள்ளே அது என்ன செய்கிறது என்றும் எழுதுங்கள்.

பாம்புப்பிடாரன்:
பைதானில் எழுதிய திஃபக் என்று ஒன்று 2015-இல் வந்தது. பெயர் கெட்ட வார்த்தைதான், அதனால்தான் பிரபலமும் ஆனது. கமாண்டைத் தப்பாக அடித்து எர்ரர் வந்ததும், எரிச்சலில் வாயில் என்ன வருமோ அதையே டெர்மினலில் அடிக்கிறீர்கள். அது முந்தைய கமாண்டைப் பார்த்து, 'இதையா சொல்ல வந்தாய்?' என்று சரியான வடிவத்தைக் காட்டும். எண்டர் தட்டினால் ஓடும். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் புஷ் செய்து, அனுப்ப வேண்டிய இடம் (அப்ஸ்ட்ரீம்) இல்லை என்று கிட் நீட்டி முழக்கும்போது இதைப் போட்டால், அந்தச் செட் அப்ஸ்ட்ரீம் சமாசாரத்தைத் தானே சேர்த்துவிடும். அனுமதி இல்லை என்றால் முன்னால் சூடோ போட்டுத்தரும்.

உள்ளே ரொம்ப எளிமை. ஒவ்வொரு வகைத் தப்புக்கும் ஒரு விதிக் கோப்பு இருக்கும். அதில் முக்கியமாக இரண்டு ஃபங்ஷன், ஒன்று 'இது நம்ம கேஸா?' என்று பார்க்கும், மற்றது புதிய கமாண்டைத் தரும். நாமே விதி எழுதிச் சேர்க்கலாம். கூப்பிடும் பெயரையும் மாற்றலாம், ஆபீஸ் மெஷினில் நான் 'சே' என்று வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எர்ரர் என்ன என்று தெரிந்துகொள்ள அது முந்தைய கமாண்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கும். எல்எஸ், சிடி என்றால் பரவாயில்லை. டேட்டாபேஸில் எதையாவது மாற்றுகிற ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்திருக்கும்போது இதை அடித்தால் அந்தப் பாதி மறுபடி ஓடும். ப்ரொடக்‌ஷன் சர்வரில் இதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

ரிவ்யூ_அக்கா:
பாம்புப்பிடாரன் சொன்ன எச்சரிக்கையை எல்லாருமே படிக்கணும். கோபமாக இருக்கும்போது கை நீட்டி எடுக்கிற கருவி எதுவோ அதுதான் ரொம்பப் பத்திரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் எதையும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை.

பழைய_ஈமேக்ஸ்:
தம்பிகளா, ஈமேக்ஸ் எடிட்டரில் டாக்டர் இருப்பதை மறந்துவிட்டீர்களே. எம் எக்ஸ் டாக்டர் என்று கொடுத்தால் ஒரு மனநல மருத்துவர் திறந்துகொள்வார். 'உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள், பேசி முடித்ததும் எண்டரை இரண்டு முறை தட்டுங்கள்' என்பார். இதன் மூலம் எலைசா. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966-இல் கட்டுரையாக வெளியிட்டது. நாம் சொல்வதில் ஒரு சொல்லைப் பிடித்து, 'என்' என்பதை 'உங்கள்' என்று திருப்பி, கேள்வியாக நம்மிடமே தரும். அவ்வளவுதான். ஆனால் வைசன்பாமின் செயலாளரே அதனுடன் தட்டச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தனியாக விடுங்கள் என்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்த அளவுக்கு அது மனிதர்களைப் பேசவைத்தது, அது வைசன்பாமுக்கே கலக்கத்தைத் தந்தது.

இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. 'இந்த சாக்கெட் ஏன் மூடமாட்டேன் என்கிறது' என்று அதனிடம் புலம்பினால் 'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்' என்கிற மாதிரி எதையாவது கேட்கும். பதில் சொல்ல முழு வாக்கியமாக எழுத வேண்டியிருக்கிறது, எழுதும்போதுதான் எந்த இடத்தில் நாம் சோதிக்காமலே நம்பியிருக்கிறோம் என்று தெரிகிறது. கெட்ட வார்த்தை போட்டால் நாக்கை அடக்கிப் பேசச் சொல்லும், அதையும் உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இந்த டாக்டர் எங்கேயும் நெட்வொர்க்கில் போய்ப் பேசுவதில்லை. மேனேஜரைப் பற்றி என்ன சொன்னாலும் பஃபரை மூடியதும் போயிற்று. இப்போது பலர் ஆபீஸ் கணக்கிலேயே ஏதோ சாட்பாட்டைத் திறந்து புலம்புகிறார்கள். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் படிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

விபி_காலத்தவன்:
நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபக்கிட் என்று ஒரு பைதான் மாட்யூல் இருக்கிறது, அதே பெயரில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் உண்டு. எர்ரர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதாகத்தான் இரண்டுமே தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று என்ன செய்யும் என்றால், உங்கள் கோடைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும், எந்த வரியில் எர்ரர் வருகிறதோ அந்த வரியை வெட்டித் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டும், எர்ரரே வராத வரைக்கும் இப்படியே. படிக்கும்போது சிரிப்பு வரும். எழுதியவர்களும் நகைச்சுவை என்று தெரியும்படியே எழுதியிருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் இதே நகைச்சுவையை மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக்கில் நிஜமாகவே வைத்திருந்தது, நாங்கள் வருடக்கணக்கில் அதோடு வாழ்ந்தோம். ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். எர்ரர் வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். இதில் கொடுமை எது தெரியுமா? இஃப் நிபந்தனையைக் கணக்கிடும்போதே எர்ரர் வந்தால் அடுத்த வரி எது? இஃப்புக்கு உள்ளே இருக்கிற முதல் வரி! அதாவது நிபந்தனை உண்மையா பொய்யா என்றே தெரியாத நிலையில் உண்மை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். 'கடன் பாக்கி இல்லை என்றால் சான்றிதழை அச்சிடு' என்று எழுதியிருந்தால், பாக்கியைப் படிக்க முடியாதபோதும் சான்றிதழ் வந்துவிழும். அடுத்த வரியிலேயே எர் ஆப்ஜெக்டில் எர்ரர் எண்ணைச் சோதிப்பதுதான் முறை. டெட்லைன் நெருக்கத்தில் யார் சோதித்தார்கள்? நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பில் போடும் சாஃப்ட்வேரில் ஃபைலுக்கு ஃபைல் முதல் வரியே இதுதான். வாடிக்கையாளர் ஃபோன் செய்து 'கணக்கு இடிக்கிறதே' என்று சொன்ன பிறகுதான் எங்கே எர்ரர் வந்தது என்று தோண்டவே ஆரம்பிப்போம்.

அதனால் என் அளவுகோல் இது. எர்ரரை மறைக்கிற கருவியால் கோபம் தீராது, அந்தக் கோபம் அடுத்து உட்கார்ந்து தேடப்போகிறவன் தலையில் போய் இறங்கும். எர்ரர் வந்ததும் உரக்கக் கத்துகிற கருவி எத்தனை அநாகரிகமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

பாம்புப்பிடாரன்:
விபி அண்ணே, அந்த இஃப் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. எக்ஸெல் மேக்ரோவில் இப்பவும் அது இருக்கிறதே! எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் அதை வைத்துத்தான் எல்லாம் செய்கிறார்கள்.

விபி_காலத்தவன்:
இருக்கிறது தம்பி. நாளைக்கே போய்த் தேடிப் பாருங்கள்.

ரிவ்யூ_அக்கா:
எர்ரரை மறைப்பது பற்றி விபி சொன்னதையே கிட் வரலாறு பற்றி நான் சொல்வேன். கமிட் செய்யும்போது, அதாவது ஒரு மாற்றத்தைப் பதியும்போது, என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்காகவே ஒரு தளம் இருக்கிறது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரக்தி சொட்டும் ஒரு கமிட் மெசேஜைத் தரும். லால்கமிட்ஸ் என்று ரூபியில் ஒன்று உண்டு, ஒவ்வொரு கமிட்டுக்கும் வெப்கேமில் நம் முகத்தைப் படம் பிடித்துவைக்கும். அது ரொம்ப அழகு, படம் நம்மிடமே இருக்கிறது, கமிட்டுக்குள் எதுவும் போவதில்லை. ஆனால் முதலில் சொன்னது அப்படி இல்லை. 'இது ஏன் ஓடுது என்று கடவுளுக்கே வெளிச்சம்' என்று ஒரு மெசேஜ் மாஸ்டர் என்கிற முதன்மைக் கிளைக்குள் போய்விட்டால், அடுத்து அதே வரியில் பிழை தேடுகிறவருக்கு அந்தக் கமிட்டிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. திட்டுங்கள், ஆனால் திட்டுக்குக் கீழே காரணத்தையும் எழுதுங்கள்.

கிட் பிளேம் சம்ஒன் எல்ஸ் என்று 2016-இல் ஒரு ஸ்கிரிப்ட் வந்தது. உங்கள் மோசமான கோடை வேறொருவர் எழுதியதாகக் காட்டும். கமிட்டின் ஆசிரியர் பெயரை மாற்றி வரலாற்றைத் திருப்பி எழுதுகிறது, அவ்வளவுதான். எனக்கு அதில் பயன்பட்டது வேறு. கிட்டில் ஆசிரியர் பெயர் என்பது யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய ஒரு கட்டம் என்று புதியவர்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்லித்தருகிறேன், அதற்குப் பிறகு கமிட்டில் கையெழுத்திடுவது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

கருப்புத்திரை:
அக்கா, லினக்ஸின் மையமான கெர்னலிலேயே, கோடுக்கு நடுவே எழுதும் கமெண்டுகளில் கெட்ட வார்த்தை நிறைய உண்டே. 2018 செப்டம்பரில் நடத்தை விதிகள் வந்த பிறகு, நவம்பர் கடைசியில் இன்டெல் பொறியாளர் ஒருவர் 'ஃபக்' என்ற வார்த்தை இருக்கும் இடத்தில் எல்லாம் 'ஹக்' என்று போட்டு பேட்ச் அனுப்பினார். கட்டிப்பிடி என்று அர்த்தம். வாக்கியங்கள் அர்த்தமே இல்லாமல் போயின, பெரிய வாக்குவாதம். என்னைக் கேட்டால் அந்த வசவுகளில் பல, ஹார்டுவேர் ஒன்று சொல்லி ஒன்று செய்த இடங்களைக் குறிக்கின்றன. அதைப் படித்தாலே 'இங்கே ஜாக்கிரதை' என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ரிவ்யூ_அக்கா:
ஹார்டுவேரைத் திட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதியவரைத் திட்டினால்தான் இருக்கிறது.

நூலக_மேசை:
ஆராய்ச்சி பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸும் குழுவினரும் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பனிநீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு முறை கெட்ட வார்த்தையும், ஒரு முறை மேசையை வர்ணிக்கிற சாதாரணச் சொல்லும் சொல்லவைத்தார்கள். திட்டியபோது அதிக நேரம் தாங்கினார்கள். அதற்கு 2010-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறம் செய்த சோதனைகள் இன்னும் சுவாரசியமானவை. தினமும் நிறையத் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. சோதனைக்காகப் புதிதாக உருவாக்கிய பொய் வசவுகள் வேடிக்கையாக இருந்தனவே தவிர வலியைத் தாங்க உதவவில்லை.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கழகத்தில் 2023-இல் ஒரு இளநிலை ஆய்வேடு, கெட்ட வார்த்தை உள்ள திறந்தமூல சி கோடின் தரம் சராசரியைவிட நன்றாக இருந்தது என்று கண்டது. இதைப் பிடித்துக்கொண்டு யாரும் 'திட்டினால் கோடு நன்றாக வரும்' என்று சொல்ல வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். தன் கோடு மேல் அக்கறை உள்ளவருக்குத்தான் கோபமும் வரும் என்பது என் ஊகம்.

பழைய_ஈமேக்ஸ்:
கருவி எழுதுகிறவர்களின் கோபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சி தரநிலையில் பிராக்மா என்று ஒரு வாசகத்தைக் கொண்டுவந்து, அது என்ன செய்யும் என்பதைக் கம்பைலரே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜிசிசி என்ற சி கம்பைலரை எழுதியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'நாங்களே தீர்மானிக்கலாமா? சரி' என்று ஆரம்பகால ஜிசிசியில், பிராக்மாவைக் கண்டால் ஹேக் என்ற பழைய விளையாட்டைத் திறக்கும்படி வைத்தார்கள். அது இல்லை என்றால் ரோக், அதுவும் இல்லை என்றால் ஈமேக்ஸில் ஹனோய் கோபுரம். தரநிலைக்கு ஒரு எழுத்துகூட மாறாமல் எதிர்ப்பைக் காட்டிவிட்டார்கள்!

ஆப்பிளின் எம்பிடபிள்யூ சி கம்பைலரில் 'ஒரே வரியில் இத்தனை பிழைகளா, குறைத்துக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி எர்ரர் மெசேஜ்கள் வரும். 1972-இல் பிரின்ஸ்டனில் இரண்டு மாணவர்கள் எழுதிய இன்டர்கால் மொழி இன்னும் ஒரு படி மேலே. நிரலில் போதுமான இடங்களில் 'தயவுசெய்து' போடவில்லை என்றால் மரியாதை போதாது என்று கம்பைலர் மறுத்துவிடும், அளவுக்கு மீறிப் போட்டால் குழைகிறாய் என்று மறுத்துவிடும். இந்த விதி கையேட்டில்கூடக் கிடையாது.

நைட்_ஷிஃப்ட்:
எல்லாரும் மெஷின் மேல் இருக்கும் கோபத்தையே பேசுகிறீர்கள். முதலாளி மேல் இருக்கும் கோபம்? 2022-இல் சீனாவிலிருந்து ஈவில்.ஜேஎஸ் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வந்தது. கம்பெனி உன்னைத் துரத்துகிறதா, போகும் முன் இதை ப்ராஜெக்டில் சேர்த்துவிட்டுப் போ என்று அதன் அறிமுகத்திலேயே எழுதியிருந்தார்கள். அர்ரேயின் நீளம் 7-ஆல் வகுபட்டால் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் இன்க்ளூட்ஸ் எப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். ஜேசனாக மாற்றும்போது பெரிய ஐ எழுத்து சின்ன எல் ஆகிவிடும். காலை 9 முதல் இரவு 9 வரை வாரம் 6 நாள் என்று பிழிந்தால் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்?

விபி_காலத்தவன்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த ஐ, எல் பிழையைத் தேடி விடிய விடிய உட்காரப்போவது முதலாளியா? உங்கள் நாற்காலியில் அடுத்து வந்து உட்காருகிற, உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்த ஒரு பையனோ பெண்ணோதான்.

அதே 996 வேலைநேரத்தை எதிர்த்து 2019 மார்ச்சில் கிட்ஹப்பில் 996.ஐசியு என்று ஒரு ரெப்போ வந்தது. இப்படியே வேலை பார்த்தால் ஐசியுவில்தான் போய்ப் படுக்கணும் என்று பெயரிலேயே சொன்னார்கள். எந்தெந்த கம்பெனி இப்படி வேலை வாங்குகிறது என்று பட்டியல் போட்டார்கள், தொழிலாளர் சட்டத்தை மதிக்காத கம்பெனி பயன்படுத்தக்கூடாது என்று ஒரு உரிமமே எழுதினார்கள். 2 லட்சத்துக்கு மேல் ஸ்டார். யாருடைய கோடும் உடையவில்லை, ஆனால் உலகம் முழுக்கப் பேசினார்கள். அதுவும் கோபம்தான், போக வேண்டிய இடத்துக்குப் போனது.

நைட்_ஷிஃப்ட்:
அப்போது டெர்மினல் எழுத்துக்கு வண்ணம் தரும் கலர்ஸ் லைப்ரரி? 2022 ஜனவரியில் அதை எழுதியவரே முடிவில்லாத லூப் போட்டு, 'லிபர்ட்டி' என்று அச்சிட்டுக்கொண்டே இருக்கும்படி வெளியிட்டார். வாரத்துக்கு 2 கோடிக்கு மேல் டவுன்லோட் ஆகிற லைப்ரரி. பெரிய கம்பெனிகளுக்கு இனி இலவசமாக உழைக்கமாட்டேன் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

ரிவ்யூ_அக்கா:
அவர் சொன்னதில் உண்மை இருந்தது, நான் மறுக்கவில்லை. திறந்தமூலத்தில் சோறு போடுகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் ஆயிரம் பேர். ஆனால் அந்த லூப்பில் மாட்டியதில் சின்னச் சின்ன ப்ராஜெக்டுகளும் இருந்தன. வேறு வழி இருந்தது. இனிப் பராமரிக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டு விலகியிருக்கலாம், அடுத்த வெளியீட்டின் உரிமத்தை மாற்றியிருக்கலாம்.

நைட்_ஷிஃப்ட்:
விலகுகிறேன் என்று சொன்னால் செய்தியில் வருமா அக்கா? 2016-இல் 11 வரி லெஃப்ட்பேட் என்ற பேக்கேஜை ஒருவர் எடுத்துவிட்ட பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைப் பகிரும் என்பிஎம் தளத்தினர் விதியையே மாற்றினார்கள். ஈவில்.ஜேஎஸ் விஷயத்தில் விபி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

ரிவ்யூ_அக்கா:
சரி, இது வேறு இழைக்கான சண்டை. தொடங்குங்கள், வருகிறேன்.

புதுக்கோடர்:
தமிழில் ஏதாவது இருக்கிறதா?

கருப்புத்திரை:
ரஜினி வசனங்களை வைத்து ரஜினி ப்ளஸ் ப்ளஸ் என்று ஒரு மொழியே இருக்கிறது, 'லட்சுமி ஸ்டார்ட்' என்று ஆரம்பித்து 'மகிழ்ச்சி' என்று முடியும். ஆனால் டெர்மினல் தமிழில் திட்டுவதற்கு நாமே செய்துகொள்வது சுலபம். கமாண்டுகளைப் படித்து ஓட்டும் பேஷ் ஷெல்லில் கமாண்ட் நாட் ஃபவுண்ட் ஹேண்டில் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் அமைப்புக் கோப்பான பேஷ்ஆர்சியில் வைத்தால், இல்லாத கமாண்டை அடிக்கும்போதெல்லாம் அது ஓடும். ஜீஷெல்லில் அதே பெயர், கடைசியில் ஹேண்ட்லர். வரிகளை ஒரு கோப்பில் போட்டு, இரண்டு வரிக்கு நடுவே சதவீதக் குறி மட்டும் தனி வரியில் வைத்து, ஸ்ட்ர்ஃபைல் ஓட்டினால் ஃபார்ச்சூன் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும். ஃபங்ஷனுக்குள் ஃபார்ச்சூனைக் கூப்பிட்டால் முடிந்தது. மாடு பேசுகிற மாதிரி எழுத்தைக் காட்டும் கௌசே நிரலின் பேச்சுக் கட்டத்துக்குள் மட்டும் போடாதீர்கள், தமிழ் எழுத்தின் அகலத்தை அது தப்பாக எண்ணுவதால் கட்டம் கோணிக்கொள்ளும்.

என்ன வரிகளைப் போடுவது என்பதில்தான் எனக்குக் கவலை. நம் ஊர் வசவுகளில் பெரும்பகுதி சாதியையோ அம்மாவையோ உடல் ஊனத்தையோதான் இழுக்கிறது. சூடோவிலேயே மனத்தைப் புண்படுத்தக்கூடிய வரிகளைத் தனியாகப் பிரித்து, கேட்டால்தான் சேர்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். நாம் ஆரம்பத்திலேயே அந்த மூன்றையும் வெளியே வைப்போம். பழமொழிகளே போதும். கமாண்டை அவசரத்தில் தப்பாக அடித்தால் 'அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது'. டெஸ்ட் எழுதியவரைக் குறை சொல்லத் தோன்றும்போது 'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்'. ஓடிக்கொண்டிருந்ததைத் திருத்தப்போய் உடைத்தால் 'வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதை'.

யாழ்_லினக்ஸ்:
அண்ணை, எங்கட பக்கத்து வரியளும் சேர்க்கலாமோ? 'ஏன் இப்பிடி அந்தரப்படுறியள், ஆறுதலா அடியுங்கோ' எண்டு டெர்மினல் சொன்னா எனக்குக் கோபமே வராது.

கருப்புத்திரை:
கட்டாயம் சேர்க்கலாம் தம்பி, இரண்டு தனிக் கோப்பாகவே வைப்போம், வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாரும் கீழே வரி போடுங்கள், ஒரு பதிவில் ஒரு வரி, எந்தத் தப்புக்கு என்றும் குறிப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொகுத்துக் கோப்பாகப் போடுகிறேன்.

விபி_காலத்தவன்:
'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.' கோடை ஒழுங்குபடுத்தி ரீஃபேக்டர் செய்தபின் டெஸ்ட் எல்லாம் சிவப்பானால்.

பாம்புப்பிடாரன்:
'குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.' பழைய நிலைக்குத் திரும்பும் ரோல்பேக்கும் தோற்றுப்போனால்.

புதுக்கோடர்:
ஹேண்டில் ஃபங்ஷனைப் போட்டதும் உபுண்டு வழக்கமாகக் காட்டும் 'இந்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்யலாம்' என்ற குறிப்பு வராமல் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து வர என்ன செய்வது?

கருப்புத்திரை:
உபுண்டுவும் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறது, உங்களுடையது அதை மூடிவிட்டது. உங்கள் ஃபங்ஷனின் கடைசி வரியில் யூஎஸ்ஆர் லிப் அடைவில் உள்ள கமாண்ட் நாட் ஃபவுண்ட் நிரலை, வந்த சொல்லையே கொடுத்துக் கூப்பிடுங்கள். முதலில் பழமொழி வரும், அப்புறம் குறிப்பு வரும். 127 (கமாண்ட் கிடைக்கவில்லை என்பதற்கான எண்) என்று ரிட்டர்ன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷெல் அந்தக் கமாண்ட் ஓடிவிட்டதாக நினைத்துக்கொள்ளும், அப்புறம் விபி அண்ணன் சொன்ன கதைதான்.